பேய்க்கு ஊர் பேர் வேண்டும்

அத்தியாயம் 5: படித்ததிலிருந்தும் டிவியில் பார்த்ததிலிருந்தும் திகில் சிறுகதைக்குக் கரு எடுப்பது

புதிதாகத் திகில் கதை எழுத உட்காருகிறவரின் முதல் பேய் பெரும்பாலும் வெள்ளைப் புடவையில்தான் வரும். கூந்தல் அவிழ்ந்திருக்கும், காலில் கொலுசு இருக்கும், அது வருவதற்குச் சற்று முன்னால் கரண்ட் போகும். அந்தப் பேய் யார், எந்த ஊர், எதனால் செத்தது என்று கேட்டுப் பாருங்கள், எழுதியவருக்கே தெரியாது. ஏதோ ஒரு தொடரில் பார்த்தது. தொடரை எடுத்தவர் ஒரு சினிமாவில் பார்த்தது. சினிமாக்காரர் அதற்கு முந்தைய சினிமாவில் பார்த்தது. இப்படிக் கைமாறி வந்த பேயைக் கண்டு யாரும் பயப்பட மாட்டார்கள். எல்லோருக்கும் பழகிப்போன முகம் அது.

படித்ததையும் பார்த்ததையும் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தொடாமல் எழுதியவர் எவரும் இல்லை. பேயை முழுசாகத் தூக்கி வராதீர்கள், அது பயமுறுத்துகிற விதத்தை மட்டும் கொண்டு வாருங்கள் என்பதே என் பேச்சு. இதை எலவனாசூர்கோட்டையை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊர் வேறாக இருந்தால் இடப்பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள். செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

பம்பைக்காரரின் கேள்விகள்

நம் நடுநாட்டுப் பக்கம் ஒருவருக்குப் பேய் பிடித்தால் பம்பைக்காரரையோ பூசாரியையோ அழைப்பார்கள். பம்பையும் உடுக்கையும் முழங்க முழங்க அவர் பேயிடம் விசாரணை நடத்துவார். 'யாரு நீ? எந்த ஊரு? எப்படிச் செத்த? இந்தப் பொண்ண எங்க வச்சுப் புடிச்ச? என்ன குடுத்தா போவ?' பேய் முதலில் பேசாது, அழும், சிரிக்கும், பொய்ப் பெயர் சொல்லும். விடமாட்டார். உண்மையான பெயரும் ஊரும் வந்த பிறகுதான் பேரம். கடைசியில் உச்சிமுடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணி வைத்து அடிப்பார்கள்.

தென்னார்க்காட்டுப் பகுதியில் தங்கி இந்தச் சடங்குகளை ஆராய்ந்த இசபெல் நபகோவ் 2000-இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களை. பிடிப்பது அகால மரணமடைந்த இளைஞர்களின் ஆவி. இந்த ஒரு தகவலிலேயே எத்தனை கதை இருக்கிறது பாருங்கள். புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாத பெண், இன்னொருவன் குரலில் சத்தம் போட்டுப் பேசுகிறாள். சொல்வது அவனா, அவளா?

கதை எழுதுகிறவருக்கு இந்தக் கேள்விகளைவிட நல்ல கருவி இல்லை. எழுதத் தொடங்கும் முன் உங்கள் பேயை உட்கார வைத்து இவற்றைக் கேளுங்கள். பதில்களை ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கக்கூடிய பெயராக இருக்கட்டும். மோகனா, ரூபிணி எல்லாம் வேண்டாம். பதில் சொல்லத் தெரியாத பேய் உங்களுடையது இல்லை. அதை வந்த சேனலுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சினிமாவிலேயே கெட்டிக்காரர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். 1993-இல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்'. கேரளத் தறவாட்டில் பூட்டிய அறைக்குள் இருக்கும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. அவள் பேசுவது தமிழ். அதே கதை 2005-இல் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தபோது, தமிழ் பேசும் பேயை வைத்து இங்கே யாரை மிரட்டுவது? ஆகவே அவள் ஆந்திரத்து விஜயநகரத்துக்காரி ஆனாள், தெலுங்கு பேசினாள். 2007-இல் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தபோது வங்காளத்து மஞ்சுலிகா ஆனாள். கதை மாநிலம் விட்டு மாநிலம் போகப் போக, பேய் மட்டும் எப்போதும் வெளியூர்க்காரியாகவே இருக்கிறாள். நம் வீட்டுக்குள் நமக்குப் புரியாத மொழியில் ஒரு குரல் கேட்பதில்தான் அந்தக் கதையின் பயம் இருக்கிறது. அதைப் பிடித்தவர்கள் பேயின் ஊரையும் பேரையும் தைரியமாக மாற்றினார்கள், பயம் அப்படியே நின்றது. எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை.

என்ன படிப்பது, எப்படிப் படிப்பது

திகில் என்றால் ஆங்கிலம் என்று ஓடாதீர்கள். மணிமேகலையில் சார்ங்கலன் என்ற சிறுவன் தனியாகச் சுடுகாட்டுக் கோட்டத்துக்குள் போய், பேய் ஒன்று ஆடுவதைப் பார்த்து அஞ்சி உயிரை விடுகிறான். சிலப்பதிகாரத்தில் இடாகினிப் பேய் குழந்தையின் உடலைக் கொண்டுபோகிறது. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் சமையலே செய்கின்றன. நம்மிடம் சரக்குக்குக் குறைவே இல்லை.

ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் பழையனூர் நீலியைப் படியுங்கள். முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க வந்த பேய் நீலி. அவனிடம் காப்பாக ஒரு மந்திர வாள் இருப்பதால் நெருங்க முடியவில்லை. கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டான் என்று ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். குழந்தையும் அவனைப் பார்த்து அப்பா என்கிறது. அழுகிற பெண்ணையும் பிள்ளையையும் பார்த்த வேளாளர்கள் எழுபது பேரும் அவனை அவளோடு தங்கச் சொல்கிறார்கள். வாள் இருந்தால் எனக்குப் பயம் என்கிறாள் அவள். அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று அவனுக்கு வாக்கும் கொடுத்து. விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீ புகுகிறார்கள்.

இதில் பேய் எங்கே பயமுறுத்தியது? எங்கேயும் இல்லை. அழுதது, அவ்வளவுதான். நல்லவர்கள் நல்லெண்ணத்தோடு ஒருவன் கையிலிருந்த வாளைப் பிடுங்குகிறார்கள், அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். பாத்திரத்துக்குத் தெரியாததை வாசகருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவது என்பது ஒரு வழி. நோட்டில் அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், கள்ளிக்கொம்பை அல்ல.

அடுத்தது புதுமைப்பித்தனின் 'காஞ்சனை', 1943. கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். இரவில் தூக்கம் இல்லை, காரணம் தெரியாத ஒரு வாடை வீட்டில் வருகிறது. மனைவி இரக்கப்பட்டு ஒரு பிச்சைக்காரியை வேலைக்கு வைக்கிறாள். அவர் அந்தப் பெண்ணின் காலைப் பார்க்கிறார்; தரையில் பாவித்தான் நிற்கிறது. பேய்க்குக் கால் பாவாது என்ற ஊர் நம்பிக்கையை எடுத்து, அந்தச் சோதனையை நடத்தி, பேய் இல்லை என்ற விடையையும் கொடுத்துவிட்டு, அப்புறமும் நம்மைத் தூங்கவிடாமல் செய்கிறார் பாருங்கள், அதுதான் கைத்திறன். கடைசி வரை பேயா, அவருடைய மனமா என்று தீர்ப்பு சொல்வதில்லை. இது இரண்டாவது வழி. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இதே வழியில் வேறு திசைக்குப் போகிறது. கணேஷும் வசந்தும் விஞ்ஞானமா ஆவியா என்று மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே சந்தேகத்தை எட்டுப் பத்துப் பக்கத்திலும் வளர்க்கலாம், தொடர்கதையிலும் வளர்க்கலாம் என்பது புரியும்.

பி.டி. சாமியின் மலிவுப் பதிப்புப் பேய் நாவல்களையும் ஒதுக்க வேண்டாம். இலக்கியம் இல்லை என்று முகம் சுளிப்பவர்கள், பஸ் ஏறி இறங்குவதற்குள் ஒருவரைப் பக்கம் புரட்ட வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒருமுறை முயன்று பார்க்கட்டும். ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' தொகுப்பும் கையில் இருக்கட்டும். மேசையில் நிரந்தரமாக இருக்க வேண்டிய இன்னொரு புத்தகம் கண்மணி குணசேகரன் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி'. அதில் திகில் எதுவும் இல்லை. நம் ஊர்ப் பாத்திரம் பயத்தில் கத்தும்போது சினிமாத் தமிழில் கத்தாமல் இருக்க அது உதவும்.

டிவியை எப்படிப் பார்ப்பது

சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலையில் நம் ஊர் இருக்கிறது. அந்தச் சாலையின் மறுமுனையான சேலத்தில் 1958-இல் பிறந்தவர் இந்திரா சௌந்தர்ராஜன். அவருடைய 'விட்டு விடு கருப்பா' நாவல்தான், நாகா இயக்கத்தில் 1990-களின் பிற்பகுதியில் சன் டிவியில் 'மர்ம தேசம் – விடாது கருப்பு' ஆனது. கருப்பு குதிரையேறி வந்து தப்பு செய்தவனைத் தண்டிக்கிறது. சாமியா, மனிதனா என்று வாராவாரம் ஊரே பேசியது. முடிவில் மனிதக் காரணம்தான் வெளிவரும். ஆனாலும் அந்தக் குதிரைக் குளம்பொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முடிவு நினைவிருப்பதில்லை, குளம்பொலி நினைவிருக்கிறது.

அதில் எடுக்க வேண்டியது இரண்டு. ஒன்று, கருப்புக்குப் பயப்படுபவர்கள் குற்றம் செய்தவர்கள் மட்டும். ஆகவே பயம் வந்தாலே குற்றம் தெரிந்துவிடும். யார் எதற்குப் பயப்படுகிறார் என்பதே பாத்திரத்தின் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. மூன்றாவது வழி இது. இரண்டாவது விஷயம், வாரம் ஒருமுறை வந்தது என்பது. இடையில் இருந்த ஆறு நாளும் பார்வையாளர் தாமாகவே பயத்தை வளர்த்துக்கொண்டார். இன்று ஒரே ராத்திரியில் எட்டு எபிசோடும் பார்த்து முடிக்கிறோம், வளர்வதற்கு நேரமில்லை. சிறுகதையில் ஆறு நாள் கிடைக்காது. ஆனால் ஒரு காட்சியைப் பாதியில் வெட்டி, ஒரு வரி இடம் விட்டு, மறுநாள் காலை பால் வாங்குவதிலிருந்து தொடங்கலாம். அந்த வெற்று வரியில் வாசகர் தன் வேலையைச் செய்வார்.

பயிற்சியாக ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை ரசிகராகவே பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாதிப் பயம் போய்விடும். அந்தப் பாதி இசையமைப்பாளருடையது, தாளில் அது உங்களுக்குக் கிடைக்காது. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். வீணையும் வயலினும் போக மிச்சம் இருக்கும் சாதாரணச் சத்தங்களை எழுதுங்கள்: தாழ்ப்பாள், குழாய்த் தண்ணீர், இருமல். அதற்கு ஈடாக நம் ஊர்ச் சத்தம் எது என்று யோசியுங்கள். ஆலைக்குப் போகும் கரும்பு லோடு வண்டி மேடு ஏறும்போது முனகுவது, சாவு வீட்டு ரேடியோ செட் சட்டென நிற்பது, இப்படி.

புத்தகமாகவும் படமாகவும் இருப்பவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. ஜப்பானில் கோஜி சுசுகி 1991-இல் எழுதிய 'ரிங்' நாவலில் பேய் டிவிப் பெட்டியிலிருந்து தவழ்ந்து வெளியே வராது. 1998-இல் வந்த படம்தான் அதைச் சேர்த்தது. நாவலின் பயம் ஏழு நாள் கெடுவில் இருக்கிறது, படத்தின் பயம் கண்ணாடித் திரையைத் தாண்டி ஒரு கை வருவதில் இருக்கிறது. நீங்கள் எழுதுவது சிறுகதை. கெடுவை எடுத்துக்கொள்ளுங்கள், கையை விட்டுவிடுங்கள்.

ஊருக்குக் கொண்டு வருதல்

இப்போது மூன்று வழிகள் நோட்டில் இருக்கின்றன. இவற்றை நம் தெருவில் இறக்க வேண்டும். ஒரு கருவை முழுக்கச் செய்து காட்டுகிறேன்.

விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' (2009) படத்தில் புது வீட்டுக்கு வந்த குடும்பத்தில் நடப்பதெல்லாம் ஒரு டிவி தொடரில் வருகிறது. அருமையான யோசனை. அப்படியே எடுத்தால் திருட்டு. அதில் அடியில் இருப்பது என்ன? தினமும் குறித்த நேரத்தில் குடும்பமே உட்கார்ந்து பார்க்கிற பெட்டி நம்மைத் திரும்பப் பார்த்தால் என்ன ஆகும் என்பது. சரி, நம் ஊரில் அந்தப் பெட்டி எது? 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவி. எதிரே ஒரு கயிற்றுக் கட்டில். கட்டிலில் ஒரு கிழவி.

பம்பைக்காரர் கேள்விகளைக் கேட்போம். யார் நீ? மாமியார், பெயரை நீங்கள் வையுங்கள். எந்த ஊர்? பிறந்தது மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம், வாழ்க்கைப்பட்டது எலவனாசூர்கோட்டை. எப்படிச் செத்தாய்? ராத்திரி எட்டரைக்குத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. 'யம்மா, கொஞ்சம் தண்ணி குடும்மா' என்று கேட்டாள். 'இரு அத்தை, விளம்பரம் போடட்டும்' என்றாள் மருமகள். விளம்பரம் வந்தபோது தண்ணீர் தேவைப்படவில்லை. எங்கே பிடித்தாய்? கட்டிலில் இருந்தபடியே. என்ன கொடுத்தால் போவாய்? ஒரு சொம்புத் தண்ணி.

கருமாதி முடிந்த பிறகு எட்டரை ஆனால் டிவி தானாக ஓடுகிறது. கிழவிக்குத் தொடரின் முடிவு தெரிய வேண்டும் போலிருக்கிறது என்று வீட்டில் கேலி பேசுகிறார்கள். மருமகளும் அதை நம்ப ஆசைப்படுகிறாள், தினமும் உட்கார்ந்து பார்க்கிறாள். சேனல்காரர்கள் வழக்கம்போல் தொடரை இழுத்துக்கொண்டே போகிறார்கள். ஒருநாள் அதுவும் முடிகிறது, சுபம் போடுகிறார்கள். மறுநாள் எட்டரைக்கு மறுபடியும் டிவி ஓடுகிறது. அப்போதுதான் அவளுக்குப் புரிகிறது: கிழவி பார்த்துக்கொண்டிருந்தது தொடரை அல்ல, தொடர் பார்க்கும் தன்னை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கட்டிலடியில் வைத்துவிட்டால் முடிந்தது. வைத்தால், அன்றைக்குக் கூப்பிட்டது காதில் விழுந்தது என்று புருஷனுக்குத் தெரிந்துவிடும்.

டிவி யாவரும் நலத்திலிருந்து வந்தது. குற்றவாளிக்கு மட்டும் வரும் பயம் கருப்புவிடமிருந்து. வயரிங் கோளாறா, ஆவியா என்று தீர்க்காமல் விடுவது காஞ்சனையிடமிருந்து. மருமகளுக்குத் தெரிந்தது புருஷனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும், அது நீலி. ஆனால் கிழவி யாருடைய புத்தகத்திலும் இல்லை, அவள் இங்கே பக்கத்து வீட்டில் இருக்கிறாள்.

கரு தேட வேறு இடங்களும் அருகிலேயே உள்ளன. உளுந்தூர்பேட்டை வட்டத்தில்தான் கூவாகம். களப்பலியான அரவானுக்குத் தலை மட்டும் பதினெட்டு நாள் போரையும் பார்த்துக்கொண்டிருக்கும் வரம் உண்டு என்பது கூத்தில் வரும் கதை. எல்லாம் தெரியும், ஆனால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு பெரியவரை அந்தத் தலையின் இடத்தில் வைத்துப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் விடியவிடியக் கூத்து நடந்தால் உட்கார்ந்து பாருங்கள், முக்கியமாகக் கட்டியக்காரனை. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்து முடித்த அடுத்த கணத்தில்தான் துரியோதனன் அலறிக்கொண்டு வருவான். சிரிப்பில் தளர்ந்த உடம்பில் பயம் சுலபமாக ஏறும். மாசி மாதத்து மயானக் கொள்ளையை 2022-இல் வந்த 'சுழல்' தொடர் கதையின் கடிகாரமாகவே பயன்படுத்தியது. விழா நாள் ஏற ஏற மர்மமும் ஏறும். உங்கள் ஊர்த் திருவிழாவுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கும்.

கோட்டை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் வரலாற்றுப் பேயும் கிடைக்கும். கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தியாகதுருகத்துக்கும் இங்கும் படை நடத்தினார்கள். ராபர்ட் ஓர்மேயின் போர் வரலாற்றில் எலவனாசூர் வருகிறது. 1736 முதல் 1761 வரை நீளும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, அந்தக் காலத்துப் பேச்சையும் பயத்தையும் அறிய உதவும். ஆனால் சிப்பாய்ப் பேய் எழுதப் போகிறவர் ஊர் பேர் கேள்விக்குக் கூடுதலாகவே வியர்க்க வேண்டியிருக்கும் என்று எச்சரித்துவிடுகிறேன்.

தொடக் கூடாதவை

டிவியிலிருந்து நாம் தெரியாமலே எடுத்து வரும் சரக்கு ஒன்று உண்டு: மலைமேல் இருப்பவர் என்றால் செய்வினைக்காரர். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரை அப்படி எழுதாதீர்கள். நாடு விடுதலை அடைந்து பல ஆண்டுகள் கழிந்தும் அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-இல்தான் அது முடிவுக்கு வந்தது. அதுவரை மக்கள் அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள். மலையில் பயம் யாருக்கு யாரிடம் இருந்தது என்பதை அங்கே போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

திருநங்கையர் விஷயமும் அப்படித்தான். 'காஞ்சனா' (2011) படத்தில் சரத்குமார் ஏற்ற பாத்திரத்துக்குப் பெயரும் வாழ்க்கையும் நியாயமும் இருந்தன. அவை எதுவும் இல்லாமல் தோற்றத்தை மட்டும் வைத்து மிரட்டுவது திகில் இல்லை, இழிவு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அப்பாவைப் பேயாக்கிக் கதை பண்ணாதீர்கள்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு வேலை. உங்களை உண்மையிலேயே பயமுறுத்திய ஒரு கதையையோ எபிசோடையோ எடுத்து, அது பயமுறுத்திய விதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு உங்கள் தெருவிலிருந்து ஒரு பேயை உட்கார வைத்து பம்பைக்காரரின் கேள்விகளைக் கேளுங்கள். ஐந்து பதிலும் வந்தால் எழுநூறு சொல்லுக்குள் கதையை எழுதி, வீட்டில் ஒருவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நடுவில் அவர் கைபேசியை எடுத்தால், அந்த இடத்தில் கோடு போட்டு அங்கிருந்து திருத்துங்கள்.